ஒல்லியான உடலில் எப்படிக் கொழுப்பு? மலையகத்து நீரிழிவு ரிப்போர்ட்டுகள் சொல்வது என்ன

இலங்கை மலையகத்து நீரிழிவு கிளினிக்குகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எண்ணெய்ப் பலகாரம் தொடுவதுகூட இல்லை. எனக்கு எப்படி இரத்தத்தில் கொழுப்பு வந்தது?" கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த பெண். முப்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்தவர். கேள்வியில் தவறே இல்லை. "உடம்பு பெருத்தவருக்குத்தான் கொழுப்பு, எண்ணெய் தின்றால்தான் கொழுப்பு" என்றுதான் நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பாடம் நம் மக்களின் உடலுக்குப் பாதிதான் பொருந்துகிறது.

விளக்கத்துக்காக, நீரிழிவு உள்ள ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை வைத்துக்கொள்வோம். வயது 54. உயரம் 150 சென்றிமீற்றர், எடை 53 கிலோ, இடுப்புச் சுற்றளவு 87 சென்றிமீற்றர். மொத்தக் கொலஸ்ட்ரோல் 205, ட்ரைகிளிசரைட் 260, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 117. மொத்தம் 200க்குள் இருந்தால் நல்லது என்பதால் "ஐந்துதான் கூட" என்று ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். உண்மையில் இது கவலைப்பட வேண்டிய ரிப்போர்ட்.

முதலில் சொற்கள்

கொழுப்பு நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் நீர். அதனால் கொழுப்பைப் புரதத்தால் பொதி கட்டித்தான் உடல் இரத்தத்தில் அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் உள்ள பெயர்கள் இந்தப் பொதிகளையும் அவற்றுக்குள் இருக்கும் சரக்கையும் குறிப்பவை.

1. ட்ரைகிளிசரைட்: உடல் எரிபொருளாகச் சேமிக்கும் கொழுப்பு. வயிற்றிலும் இடுப்பிலும் தொங்குவது இதுதான். இரத்தத்தில் 150க்குக் கீழே இருக்க வேண்டும்.

2. எல்.டி.எல்.: கொலஸ்ட்ரோலை உடலெங்கும் கொண்டுசெல்லும் பொதி. நாடிகளின் (இரத்தக் குழாய்களின்) உட்சுவருக்குள் புகுந்து படிவது இதுவே. நீரிழிவு உள்ளவருக்கு 100க்குக் கீழும், ஏற்கனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவருக்கும் ஆபத்து அதிகம் உள்ளவருக்கும் 70க்குக் கீழும் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

3. எச்.டி.எல்.: மிஞ்சிய கொலஸ்ட்ரோலை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் பொதி. ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது.

4. மொத்தக் கொலஸ்ட்ரோல்: நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகக் கூட்டிய எண். எல்லோரும் முதலில் பார்ப்பதும் இதைத்தான், நமக்கு மிகக் குறைவாகச் சொல்வதும் இதுதான்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. சில ஆய்வுகூடங்கள் 5.3, 2.9 என்று சிறிய எண்களில் தருவது வேறு அலகு. கொலஸ்ட்ரோல் எண்களை 38.7ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.6ஆலும் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும்.

மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்துப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 205இல் 36 போனால் 169. நாடிக்குக் கேடு செய்யக்கூடிய பொதிகள் அனைத்திலும் உள்ள கொலஸ்ட்ரோல் இது. நீரிழிவு உள்ளவருக்கு 130க்குக் கீழே இருக்க வேண்டும். மடித்து வைத்த ரிப்போர்ட்டை மறுபடி விரிக்க இந்த ஒரு கழித்தலே போதும்.

சீனி வருத்தம் கொழுப்பை ஏன் குழப்புகிறது

இன்சுலின் சீனிக்கு மட்டுமான ஹோர்மோன் என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பை எப்போது சேமிப்பது, எப்போது வெளியே விடுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தும் உடல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அதன்பின் நடப்பவை ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன.

1. கொழுப்பைப் பூட்டி வைக்கச் சொல்லும் கட்டளை பலிக்காததால், கொழுப்புக் கலங்கள் கொழுப்பமிலங்களை ஓயாமல் இரத்தத்தில் விடுகின்றன. அவை ஈரலுக்குப் போய்ச் சேர்கின்றன.

2. ஈரலில் அதோடு இன்னொரு வரவும் சேர்கிறது. உண்ட மாப்பொருளிலும் சீனியிலும் மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. எண்ணெய் தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு சேருவது இவ்வழியில்தான்.

3. நிரம்பிய ஈரல், ட்ரைகிளிசரைட்டைப் பெரிய பொதிகளாகக் கட்டி இரத்தத்தில் தள்ளுகிறது. அவற்றைப் பிரித்து எடுக்கும் நொதியமும் இன்சுலின் சொற்படி நடப்பது, அதுவும் மந்தமாகிவிடுகிறது. வரவு கூடி, செலவு குறைந்து, ட்ரைகிளிசரைட் ஏறுகிறது. மிக அதிகமாக ஏறியவரின் இரத்தத்தைக் குழாயில் சற்று நேரம் நிறுத்தி வைத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் இரண்டாம் தேங்காய்ப்பால்போல வெளுத்திருக்கும்.

4. பொதிகளுக்கிடையே பண்டமாற்று நடக்கிறது. எச்.டி.எல்.லுக்குள் ட்ரைகிளிசரைட் புகுந்து, அதிலிருந்து கொலஸ்ட்ரோல் வெளியேறுகிறது. அப்படி உருமாறிய எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்துபோவதால் அதன் அளவு இறங்குகிறது.

5. எல்.டி.எல்.லுக்கும் அதே கதி. அது சிறுத்து அடர்த்தியாகிறது. ஒரே எடைக் கொழுந்தைப் பெரிய சாக்குகளில் கட்டினால் பத்துச் சாக்கு, சிறிய பைகளில் கட்டினால் முப்பது பை. தராசு இரண்டுக்கும் ஒரே எடையைத்தான் காட்டும். நாடிச் சுவருக்குள் புகுவதோ பைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே 117 என்ற எல்.டி.எல். எண், நீரிழிவு உள்ளவரிடத்தில் பார்வைக்குத் தெரிவதைவிட மோசமானது.

ட்ரைகிளிசரைட் கூடி, எச்.டி.எல். குறைந்து, எல்.டி.எல். நடுத்தரமாக நிற்கும் இந்த அமைப்பு இரண்டாம் வகை நீரிழிவின் கைரேகை. மொத்தக் கொலஸ்ட்ரோலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

தராசு சொல்லாத விஷயம்

கிலோவில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. நம் எடுத்துக்காட்டில் 53ஐ 2.25ஆல் வகுக்க 23.6. ஐரோப்பியரை வைத்து வகுத்த கணக்கில் 25 வரை இயல்பு. ஆனால் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல், ஆசியருக்கு 23 தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 தாண்டினால் அதிக ஆபத்து என்று எல்லைகளைக் குறித்தது. அப்படிப் பார்த்தால் "ஒல்லி" என்று தன்னை நினைக்கும் அந்தப் பெண் கோட்டைத் தாண்டிவிட்டார். இடுப்பில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தெற்காசியப் பெண்ணுக்கு 80 சென்றிமீற்றர், ஆணுக்கு 90 என்பது எல்லை, அவருக்கு 87.

காரணம் உடலின் உள்ளடக்கம். 2004இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் இருவரின் உடலையே ஒப்பிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். அதே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு கூட. அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் தங்காமல் வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றித் தங்குகிறது.

மலையகத்தில் இதற்குமேல் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன என்பது என் கணிப்பு.

ஒன்று, பட்டினியின் நீண்ட நிழல். கருவில் இருக்கும்போது போதிய ஊட்டம் கிடைக்காத குழந்தை, கிடைத்ததைக் கொண்டு மூளையைக் காப்பாற்றித் தசையையும் கணையத்தையும் (பாடப்புத்தகத்தில் சதையி) சிக்கனமாக அமைத்துக்கொள்கிறது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, அவர்கள் உடல் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. நம்முடைய தோட்டங்களில் 1973–74இல் ரேஷன் வெட்டப்பட்டு, மாவும் அரிசியும் இல்லாமல் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அந்த வருடங்களில் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்தவர்கள்தான் இன்று ஐம்பதைக் கடந்து கிளினிக் வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப்பு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32.

மற்றது, வேலை நின்றுபோவது. கொழுந்து மலையில் நாள் முழுதும் ஏறி இறங்கிய கால்கள், ஓய்வுபெற்ற பின் பேரப்பிள்ளையோடு லயத்து வாசலில் அமர்ந்துவிடுகின்றன. கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பையன் காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் நிற்கிறான். சாப்பாடு மட்டும் பழைய அளவுதான். தசை கரைகிறது, அதன் இடத்தில் கொழுப்பு வருகிறது. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்ளும் பெரிய கிடங்கே தசைதான். பத்து வருடமாக எடை 53 கிலோ என்று பெருமைப்படுகிறவருக்குள் இந்த மாற்றம் ஓசையில்லாமல் நடந்திருக்கும்.

இடுப்பை அளப்பதிலும் தவறு நடக்கிறது. உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தையல் டேப் போதும். சுற்றளவு உயரத்தில் பாதிக்குமேல் போகாமலிருப்பது நல்லது. 150 சென்றிமீற்றர் உயரத்துக்கு 75.

எடை குறைவது எப்போது கெட்ட செய்தி

சீனி கட்டுப்பாடில்லாமல் 300, 400 என்று நிற்கும்போது, உண்டதில் ஒரு பகுதி சிறுநீரோடு போய்விடுகிறது. உடல் தசையையும் கொழுப்பையும் உருக்கி எரிக்கிறது. ஆள் மெலிகிறார், கன்னம் ஒட்டுகிறது. இந்த மெலிவில் ட்ரைகிளிசரைட் குறையாது, ஏறும். மேலே சொன்ன முதல் கட்டம் முழு வேகத்தில் நடப்பதால். மருந்து தொடங்கி சீனி இறங்கியதும் இழந்த எடையில் கொஞ்சம் திரும்பி வரும். அப்போது "மாத்திரை என்னை ஊத வைக்கிறது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மிகவும் வருத்தமான தவறு இது. சீனி இறங்குவதாலேயே ட்ரைகிளிசரைட்டும் கணிசமாக இறங்கும் என்பதால், சீனி தறிகெட்டிருக்கும் நாளில் எடுத்த கொழுப்பு ரிப்போர்ட்டைச் சீனி அடங்கிய பின் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டையும் உடலுழைப்பையும் மாற்றி, சீனியும் கட்டுக்குள் இருக்கக் குறையும் எடை வேறு கதை. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைட் நன்றாக இறங்கும், எச்.டி.எல். மெல்ல ஏறும். 53 கிலோ உள்ளவருக்கு அது மூன்று முதல் ஐந்து கிலோ. பிரித்தானியாவில் 2017இல் முடிவு வெளியான டைரெக்ட் ஆய்வில், எடையைத் திட்டமிட்டுக் குறைத்தவர்களில் 46 சதவீதத்தினர் ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தார்கள்.

அது பெருத்த உடல்காரருக்குத்தானே என்று கேட்கலாம். அதே குழுவின் ரோய் டெய்லர், பி.எம்.ஐ. 27க்கு மேற்படாத 20 பேரிடம் இதைச் செய்து பார்த்தார். சராசரியாக எடையில் 10.7 சதவீதம் குறைத்தபோது 14 பேருக்கு நீரிழிவு பின்வாங்கியது. ஒவ்வொருவருக்கும் கொழுப்பைப் பத்திரமாக வைத்திருக்க ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டியது ஈரலிலும் கணையத்திலும் வழிகிறது என்பது அவர் விளக்கம். சிலருக்கு அந்தக் கொள்ளளவு பெரிய தொட்டி, சிலருக்குச் சின்னப் பானை. ஆனால் இரத்தசோகையோடு, பி.எம்.ஐ. 18, 19 என்று இருக்கும் ஒருவர் எடை குறைக்க முயலக் கூடாது. அவருக்கு வேண்டியது புரதமும் தசையும்.

தட்டில் இருப்பது எது, எந்த எண்ணை ஏற்றுகிறது

காலையில் கோதுமை மா ரொட்டி, மதியம் சோறு, இரவில் மறுபடி ரொட்டி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கறி. இடையில் நாலைந்து முறை சீனித் தேத்தண்ணீர். இந்தத் தட்டில் எண்ணெய் குறைவு என்பது உண்மை. ஆனால் 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் மாப்பொருள். தேத்தண்ணீருக்கு மூன்று கரண்டி வீதம் ஐந்து முறை குடித்தால் 60 கிராமுக்கும் மேல் சீனி. ட்ரைகிளிசரைட் 260க்கு ஏறியதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கசிப்பும் சாராயமும் அதே எண்ணைத்தான் ஏற்றும், அதுவும் வேகமாக.

எல்.டி.எல்.ஐ ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட அதுவே. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்.டி.எல்.ஐ உயர்த்தவே செய்கிறது. ரொட்டிக்கு ஒரு கரண்டிச் சம்பல் வைத்துக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. பொரித்த எண்ணெயிலேயே மறுபடி பொரிப்பது, தினமும் பேக்கரி ரோல்ஸ் வாங்குவது ஆகியவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

குரக்கன் ரொட்டி தின்றால் எவ்வளவும் தின்னலாம் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நார்ச்சத்து கூட என்றாலும் குரக்கனும் மாப்பொருள்தான். நாலு ரொட்டியை இரண்டாக்கி, அந்த இடத்தில் பருப்பு, கடலை, கௌபி, முட்டை, நெத்தலி, போஞ்சி, கோவா, வல்லாரை என்று வைப்பதுதான் எண்களை அசைக்கும். நாட் கூலிக்காரர் வீட்டில் மாவு மலிவான சாமான், முட்டை விலையேறிய சாமான் என்பதை மறந்துவிட்டு "ரொட்டியைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. சீனியை நிறுத்துவதற்காவது காசு தேவையில்லை, மிஞ்சும்.

மருந்துகள்

"எல்.டி.எல். 117தானே, எனக்கு எதற்கு மாத்திரை?" என்ற கேள்விக்கு 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வு பதில் தந்தது. எல்.டி.எல். அதிகமாக உயராத, இதயநோய் வராத 2838 நீரிழிவுக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு, எல்.டி.எல்.ஐ இறக்கும் ஸ்டட்டின் வகை மாத்திரையான அட்டோவாஸ்டட்டின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே குறித்த காலத்துக்கு முன் நிறுத்தினார்கள். நீரிழிவு உள்ள நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு எல்.டி.எல். எவ்வளவாக இருந்தாலும் ஸ்டட்டின் பரிந்துரைப்பது இதனால்தான். ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்குத் திரும்பும். தசைவலி இருந்தால் வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றலாம். கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ட்ரைகிளிசரைட்டை மட்டும் இறக்கும் மருந்துகள் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. 2022இல் வெளியான புரொமினன்ட் ஆய்வில் பெமாபைப்ரேட் என்ற மருந்து எண்ணை இறக்கியது, மாரடைப்பைக் குறைக்கவில்லை. 500ஐத் தாண்டி ஏறும்போது கணைய அழற்சியைத் தவிர்க்க இவ்வகை மருந்து வேண்டும். 260க்கு முதல் மருந்து தட்டும் கால்களும்தான்.

சீனி மருந்துகளில் மெட்போர்மின் எடையைக் கூட்டாது. கிளிக்ளசைட்டும் இன்சுலினும் சற்றுக் கூட்டலாம். எம்பக்ளிபுளோசின் வகை குறைக்கும். எடை ஏறுகிறது என்று தாமாக நிறுத்தாமல் கிளினிக்கிலேயே கேட்கலாம்.

இரத்தம் கொடுக்கும் நாள்

மேல் கணக்கிலிருந்து (தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து) ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ முதல் பஸ்ஸில் வருகிறவர் அதிகாலையிலேயே எழுந்துவிடுகிறார். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் தண்ணீர் குடிக்கலாம், தேத்தண்ணீர் கூடாது. குளிருக்கு ஒரு வாய் இனிப்புத் தேத்தண்ணீர் குடித்துவிட்டால் வெறும் வயிற்றுச் சீனி அளவு பிழையாகிவிடும்; ட்ரைகிளிசரைட்டும் கொஞ்சம் மாறும். மொத்தக் கொலஸ்ட்ரோலும் எச்.டி.எல்.லும் அதனால் பெரிதாக மாறாது. எல்.டி.எல்.ஐப் பல ஆய்வுகூடங்கள் நேரடியாக அளப்பதில்லை, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐயும் ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகின்றன. 205இல் 36ஐயும் 52ஐயும் கழித்தால் 117 வருவது அப்படித்தான். ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

கிளிக்ளசைட் போடுகிறவரும் இன்சுலின் ஏற்றுகிறவரும் அன்று காலை அதை வீட்டில் எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறக் கூடாது. வரிசையில் நிற்கும்போதே சீனி இறங்கி, வியர்த்து, மயங்கி விழ நேரலாம். மாத்திரையையும் ஒரு பார்சல் சாப்பாட்டையும் பையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்தவுடன் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். இன்சுலின் ஏற்றுகிறவர் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை முந்தின கிளினிக்கிலேயே தாதியிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.